கணனிக்குள் ஓர் ஒற்றன்

வீட்டில் மின்விளக்கு எரியாவிட்டால் நாம் உடனே மின்சார சபையைக் குறை கூறுவதில்லை. அயல் வீட்டில் விளக்கு எரிகின்றதா என்று முதலில் எட்டிப் பார்க்கின்றோம். அங்கு எரிந்தால், பழுது எமது வீட்டில்தான் என்பது விளங்கிவிடும். ஆனால் கணனியில் இணையம் வராதபோது மட்டும் இந்த எளிய புத்தியை நாம் மறந்துவிடுகின்றோம்.

நாம் அறிந்த ஒரு சிக்கனக் கடனுதவிச் சங்கத்தில் நடந்ததைக் கூறுவோம். அங்கத்தவர்களின் சேமிப்பு, கடன், அடையாள அட்டை இலக்கம் யாவும் ஒரே கணனியில் இருந்தன. கணக்கு எழுதும் இளம் பெண் ஒருவர் அதனைப் பாவித்து வந்தார். சில வாரங்களாக இணையம் விட்டுவிட்டு வந்தது. ஒரு மாதத்திற்குப் போதுமான டேட்டா பத்து நாட்களில் தீர்ந்துபோனது. “பிள்ளை படம் பார்க்கிறாள் போல” என்று நிருவாக சபையில் பேச்சு எழுந்தது. இணைய வசதி தரும் நிறுவனத்திலிருந்து வந்தவர் இரு தடவை பரிசோதித்து, இணைப்பில் குறை இல்லை என்று சொல்லிச் சென்றார். அப்படியானால் குற்றம் பிள்ளையுடையதுதான் எனப் பலரும் முடிவுகட்டினர்.

அயலிலுள்ள இளைஞர் ஒருவர் வந்து வைரஸ் தடுப்பு மென்பொருளை ஓடவிட்டார். அது சிலவற்றைக் கண்டுபிடித்து அழித்தது. ஆனால் அதன் பின்னர் இணையம் அடியோடு நின்றுவிட்டது. அந்தப் பெண் வேலையிலிருந்து விலகுவதாகக் கடிதமும் எழுதிவிட்டார். அந்த நிலையில்தான் நாம் அவரோடு அமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். காரணம் ஒற்றர் மென்பொருள். வந்த வழி, தமிழில் தட்டச்சுச் செய்வதற்கென்று முன்பின் அறியாத ஒரு தளத்திலிருந்து இறக்கிய இலவச மென்பொருள். சங்கத்தின் கடிதங்களைத் தமிழில் எழுதவே அவர் அதனை இறக்கியிருந்தார்.

ஒற்றர் மென்பொருள் என்றால் என்ன?

எமது அறிவும் அனுமதியும் இன்றிக் கணனிக்குள் இருந்துகொண்டு, நாம் செய்வதைக் கவனித்து வெளியே அனுப்பும் மென்பொருளே ஒற்றர் மென்பொருளாகும். எந்தத் தளங்களுக்குச் செல்கின்றோம் என்பதை மட்டும் சில பார்க்கும். வேறு சில, நாம் தட்டும் கடவுச்சொல்லையே களவாடும். பெரும்பாலும் அது தனியே வருவதில்லை. இலவச மென்பொருள், உடைக்கப்பட்ட மென்பொருள், பிறருடைய பென்டிரைவ் ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்டு வருகின்றது.

அது இணையத் தொடர்பை எவ்வாறு கெடுக்கின்றது? மூன்று வழிகளைக் கூறலாம்.

முதலாவது, களவாடியதை அனுப்பவும் விளம்பரங்களைக் கொண்டுவரவும் அதுவும் எமது இணைப்பையே பாவிக்கின்றது. வேகம் குறைகின்றது, டேட்டா கரைகின்றது.

இரண்டாவது, எமது கடிதங்கள் யாவும் தனது வீட்டின் வழியாகவே போகவேண்டும் என்று ஒருவர் இரகசியமாக ஏற்பாடு செய்வதைப் போல, அது இணையப் போக்குவரத்தைத் தன் வழியே திருப்புகின்றது. கணனியில் இதற்குரிய இடம் ‘புரொக்சி’ எனப்படும்.

மூன்றாவது, நாம் தட்டும் இணையத்தளப் பெயரை இலக்க முகவரியாக மாற்றித் தரும் ‘டி.என்.எஸ்.’ என்னும் ஏற்பாட்டை மாற்றுகின்றது. தொலைபேசி விபரக்கொத்தை எடுத்துவிட்டுப் பொய் விபரக்கொத்தை வைப்பது போன்றது இது. வங்கியின் பெயரைத் தட்டினாலும் வேறொருவரின் வாசலுக்கே போய்ச் சேர்வோம்.

இங்கு ஒன்றை நன்றாக மனதில் இருத்த வேண்டும். ஒற்றனைத் துரத்தினாலும் அவன் மாற்றிவைத்த ஏற்பாடு அப்படியே இருக்கலாம். கணனி தொடர்ந்தும் கடிதங்களை அந்த வீட்டுக்கே அனுப்பும். அங்கோ ஆள் இல்லை. எமது சங்கக் கணனியில் இணையம் அடியோடு நின்றதன் காரணம் இதுவே.

உலகம் கண்ட உதாரணம்

2007ஆம் ஆண்டு முதல் ‘டி.என்.எஸ். சேஞ்சர்’ என்னும் தீய மென்பொருள் பரவியது. 100க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 40 இலட்சம் கணனிகளின் விபரக்கொத்தை அது மாற்றியது. 2011 நவம்பரில் எஸ்தோனியாவில் ஆறு பேர் கைதுசெய்யப்பட்டனர். அவர்களுடைய சேர்வர்களை உடனே நிறுத்தினால், பாதிக்கப்பட்டோர் அனைவரும் இணையத்தை இழந்துவிடுவர். ஆகையால் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றின் அனுமதியுடன் அவற்றுக்குப் பதிலாக நல்ல சேர்வர்கள் இயக்கப்பட்டன. 2012 யூலை 9 அன்று அவையும் நிறுத்தப்பட்டன. அதுவரை தமது கணனியைத் திருத்தாதோர் இணையத்தை இழந்தனர். கள்வன் பிடிபட்டான், ஆனால் அவன் மாற்றிய ஏற்பாடு மாறவில்லை.

படிப்படியாகப் பார்ப்போம்

விண்டோஸ் 10, 11 உள்ள கணனிகளுக்கு இவ்வொழுங்கு பொருந்தும். ஒவ்வொரு படியிலும் கண்டதை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. கையடக்கத் தொலைபேசியின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, அதே வைபையில் இணையுங்கள். தொலைபேசியில் இணையம் ஒழுங்காக வந்தால் பழுது கணனியில். அதிலும் வராவிட்டால், அல்லது அதிலும் வேறு தளங்கள் திறந்தால், இணைப்பையும் ரவுட்டரையும் பார்க்க வேண்டும்.

2. கணனியில் மற்றொரு உலாவியைத் திறந்து பாருங்கள். அதில் குறை இல்லாவிட்டால், பழுது முதலாவது உலாவியிலேயே இருக்கக்கூடும். அதனோடு ஒட்டியுள்ள ‘எக்ஸ்டென்ஷன்’ எனும் துணைச் செயலிகளில் நீங்கள் சேர்க்காதவற்றை நீக்குங்கள்.

3. ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘டேட்டா யூசேஜ்’ என்பதைத் திறந்தால், எந்தச் செயலி எவ்வளவு டேட்டாவைப் பாவித்தது என்று காட்டும். யாரையும் குற்றஞ்சாட்டுமுன் இதனைப் பாருங்கள்.

4. நிறுவிய செயலிகளின் பட்டியலைத் திகதிப்படி ஒழுங்குபடுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாட்களில் புகுந்த, அறிமுகமில்லாத செயலிகளை நீக்குங்கள்.

5. விண்டோஸுடன் வரும் ‘டிஃபென்டர்’ பாதுகாப்பு மென்பொருளில் ‘ஒஃப்லைன் ஸ்கேன்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். திறந்துள்ள வேலைகளை முதலில் சேமித்துக்கொள்ளுங்கள். கணனி மீளத் தொடங்கி, விண்டோஸ் இயங்குமுன்னரே தேடும். ஒளிந்திருக்கும் ஒற்றனைப் பிடிக்க இது நல்ல வழி.

6. இப்போது மாற்றிவைத்த ஏற்பாடுகளைத் திருத்துங்கள். ‘புரொக்சி’ பகுதியில், உங்கள் அலுவலகம் வேண்டுமென்றே வைத்ததொன்று இல்லாவிடில், புரொக்சி சேர்வர், செட்டப் ஸ்கிரிப்ட் ஆகிய இரண்டையும் நிறுத்துங்கள். டி.என்.எஸ். ஏற்பாட்டை ‘ஓட்டோமெற்றிக்’ என்று வையுங்கள். இன்னும் சரிவராவிடில் ‘நெட்வேர்க் ரீசெட்’ செய்யுங்கள். பின்னர் வைபை கடவுச்சொல்லைக் கணனி மீண்டும் கேட்கக்கூடும், முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

7. ரவுட்டருடன் வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். மேற்கூறிய டி.என்.எஸ். சேஞ்சர், மாற்றப்படாத கடவுச்சொல்லைக் கொண்டு ரவுட்டருக்குள்ளும் புகுந்தது.

இவ்வளவும் செய்தும் தொல்லை தீராவிட்டால், ஆவணங்களை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே பாதுகாப்பானது. திரையில் திடீரெனத் தோன்றி, “உங்கள் கணனியில் வைரஸ், இந்த இலக்கத்தை அழையுங்கள்” என்று கூறும் அறிவித்தல்களை நம்பாதீர்கள். அது அடுத்த கள்வனின் அழைப்பு.

இணையம் வந்துவிட்டால் வேலை முடிந்ததா?

இல்லை. ஒற்றன் உள்ளே இருந்த நாட்களில் நாம் தட்டிய கடவுச்சொற்கள் அவனிடம் இருப்பதாகவே கொள்ள வேண்டும். வேறொரு சுத்தமான கணனியிலிருந்தோ தொலைபேசியிலிருந்தோ அவற்றை மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி. ஏனெனில் மின்னஞ்சலைக் கைப்பற்றியவர் மற்றவற்றையும் அதன்மூலம் கைப்பற்றலாம். இயலுமான இடங்களில், தொலைபேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் இரட்டைப் பாதுகாப்பை ஏற்படுத்துங்கள். வங்கிக் கணக்கில் சந்தேகம் இருந்தால் அன்றே வங்கிக்கு அறிவியுங்கள்.

இனிமேல் வராமல் இருக்க, உடைக்கப்பட்ட மென்பொருளைத் தவிர்ப்போம். தமிழ் விசைப்பலகை விண்டோஸிலேயே உண்டு. அதற்காக வெளியே தேட வேண்டியதில்லை. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்றும் முடிவடைந்தன. பழைய கணனியில் அங்கத்தவர் விபரங்களை வைத்திருக்கும் சங்கங்கள் இதனைக் கவனத்தில் எடுக்க வேண்டும்.

எமது சங்கத்தில் அன்று மாலையே இணையம் வந்தது. ‘டேட்டா யூசேஜ்’ பட்டியலை நிருவாக சபையினர் தம் கண்ணால் பார்த்தனர். தலைவர் அந்தப் பெண்ணிடம் வருத்தம் தெரிவித்தார். அவரும் கடிதத்தை மீளப் பெற்றுக்கொண்டார். எனினும் அங்கத்தவர்களின் அடையாள அட்டை இலக்கங்கள் வெளியே போயினவா என்ற கேள்வி எஞ்சியிருந்தது. போயிருந்தால் அவற்றைத் திருப்பி எடுக்க முடியாது. ஆகவே அடுத்த பொதுக்கூட்டத்தில் நடந்ததை மறைக்காமல் அங்கத்தவர்களுக்கு அறிவித்தார்கள். தம் பெயரில் எவராவது தொலைபேசியில் விபரம் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்றும் எச்சரித்தார்கள். கணனியைத் திருத்தியதைவிட அதுவே கடினமான வேலை. அதுவே நேர்மையான வேலையும் ஆகும்.

குழுவாகச் சிந்திப்போம்

1. எமது சங்கக் கணனியில் யாருடைய, எந்தெந்த விபரங்கள் உள்ளன? அவை அனைத்தும் அங்கே இருக்கத்தான் வேண்டுமா?

2. புதிய மென்பொருளை நிறுவுமுன் யாரிடம் கேட்க வேண்டும் என்று தீர்மானித்திருக்கின்றோமா?

3. பழுது ஏற்பட்டால் நாம் முதலில் தேடுவது காரணத்தையா, குற்றவாளியையா?