மதகு திறந்தது, கடைமடை நனைந்ததா?

கம்பம் பள்ளத்தாக்கில் முதல் போக நெல்லுக்கு வழக்கமாக ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பார்கள். தேக்கடித் தலைமதகில் மலர் தூவும் படம் மறுநாள் செய்தித்தாளில் வந்துவிடும். லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இரு போக நிலம் இந்த நீரை நம்பியிருக்கிறது. ஆனால் படத்தைப் பார்த்த உடனே கடைமடை விவசாயி நாற்றங்காலில் விதையைத் தூவிவிடுவாரா? மாட்டார். வாய்க்கால் கரைக்குப் போய்ப் பார்ப்பார். 'திறந்தாயிற்று' என்பது வேறு, 'வந்து சேர்ந்தது' என்பது வேறு.

மாணவர்களே, உங்கள் பள்ளிக் கணிப்பொறி ஆய்வகத்திலும் இப்படி ஒரு தலைமதகும் கடைமடையும் இருக்கலாம். மென்பொருளில் ஓட்டை தெரிய வந்தால் அதை அடைக்கும் திருத்தத்தை நிறுவனத்தார் அனுப்புகிறார்கள். இதற்குப் புதுப்பிப்பு என்று பெயர். பல கணிப்பொறிகள் உள்ள இடங்களில், ஒரு சர்வர் அத்திருத்தத்தைப் பகிர்ந்தளிக்கும். ஒவ்வொரு கணிப்பொறியிலும் உள்ள 'முகவர்' என்னும் சிறு நிரல், 'போட்டாயிற்று' என்று சர்வருக்குத் தகவல் அனுப்பும். மேலாளர் தம் திரையில் பச்சை நிறத்தைப் பார்த்து நிம்மதி அடைவார். அந்தப் பச்சை எப்போதும் உண்மை பேசுவதில்லை.

முதலில் ஒரு வேடிக்கையான பிழை. ஆய்வகத்திற்கு 20 கணிப்பொறிகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றைத் தயார் செய்து, அதன் வன்தட்டை மற்ற 19-க்கும் அப்படியே நகல் எடுப்பது எளிய வழி. 2005-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்டின் டபிள்யூ.எஸ்.யு.எஸ். என்னும் புதுப்பிப்புச் சர்வர், கணிப்பொறிகளை அவற்றுள் எழுதப்பட்ட ஓர் அடையாள எண்ணைக் கொண்டே அறிகிறது. நகல் எடுக்கும்போது அந்த எண்ணும் நகலாகிவிட்டால்? வகுப்பில் 20 பேருக்கும் ஒரே வருகை எண்! ஆசிரியர் எண்ணைக் கூப்பிட்டதும் யாராவது ஒருவன் 'உள்ளேன் ஐயா' என்பான். சர்வரின் பட்டியலில் ஒரே ஒரு வரிதான் இருக்கும்; கடைசியாகப் பேசிய கணிப்பொறியின் பெயர் அதில் தெரியும். அந்த வரி பச்சையாக இருக்கலாம். மற்றவற்றின் நிலை யாருக்கும் தெரியாது. நகல் எடுக்குமுன் அந்த எண்ணை அழித்துவிட்டால், ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எண்ணை உண்டாக்கிக்கொள்ளும்.

அடுத்தது, மறுதொடக்கம். திருத்தம் வன்தட்டில் எழுதப்பட்டாலும், நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது பழைய நிரல்தான். விண்டோஸில் நிறுவும் வேலை முடிந்ததும் ஓர் எண் திரும்பி வரும். 0 என்றால் வெற்றி. 3010 என்றால் வெற்றிதான், ஆனால் மறுதொடக்கம் வேண்டும். இரண்டையும் ஒரே பச்சையில் காட்டும் திரை நம்மை ஏமாற்றுகிறது.

'நாங்கள்தான் தினமும் மாலையில் அணைத்துவிடுகிறோமே' என்பீர்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'விரைவுத் தொடக்கம்' என்றொரு வசதி உண்டு. அணைக்கும்போது இயங்குதளத்தின் உட்கருவை அது தட்டில் சேமித்து, மறுநாள் அதையே எழுப்பிவிடும். கணிப்பொறி தூங்கி எழுந்ததே தவிர, புதிதாகப் பிறக்கவில்லை.

கோடை விடுமுறையில் மாதக்கணக்கில் அணைந்து கிடக்கும் கணிப்பொறியும் ஏப்ரல் மாதப் பச்சையோடே பட்டியலில் நிற்கக்கூடும். ஆகவே நிறத்தைவிட, கடைசியாகப் பேசிய தேதியே முக்கியம்.

இவை சின்ன விஷயங்களா? அமெரிக்காவில் மக்களின் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் நிறுவனம் ஈக்விஃபேக்ஸ். 2017 மார்ச்சில், அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளின் ஓட்டைக்குத் திருத்தம் வந்தது. சில நாட்களில் அந்நிறுவனம் சோதனை நிரல் ஒன்றால் தன் கணிப்பொறிகளைத் துழாவியது. ஓட்டையுள்ள மென்பொருள் எதுவும் அகப்படவில்லை. உண்மையில் அது இருந்தது; சோதனை நிரல் எட்டிப் பார்க்காத உள் அடுக்கில் இருந்தது. 'தேடிய இடத்தில் இல்லை' என்பதை 'இல்லவே இல்லை' என்று எடுத்துக்கொண்டார்கள். மே மாதம் திருடர்கள் அந்த வழியே புகுந்தனர். ஜூலை இறுதியில்தான் திருட்டுத் தெரிந்தது. சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் பறிபோயின.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம்; ஆசிரியரின் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். விண்டோஸ் கணிப்பொறியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பகுதியில் சி.பி.யு.வைத் தேர்ந்தெடுங்கள். 'அப் டைம்' என்று ஒரு கடிகாரம் ஓடும். அதைக் குறித்துக்கொண்டு கணிப்பொறியை அணைத்து, மீண்டும் போடுங்கள். விரைவுத் தொடக்கம் இயங்கும் கணிப்பொறியில் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்காது. பழைய கணக்கையே தொடரும். பிறகு 'ரீஸ்டார்ட்' கொடுத்துப் பாருங்கள். அணைத்ததற்கும் மறுதொடக்கத்திற்கும் உள்ள வேறுபாடு கடிகாரத்திலேயே தெரியும். ஆய்வகத்தின் எல்லாக் கணிப்பொறிகளிலும் இந்த எண்ணைக் குறித்து, சர்வர் காட்டும் பட்டியலோடு ஒப்பிட முடிந்தால் இன்னும் நல்லது. எத்தனை வரிகள் இருக்கின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள்.