உப்புக் காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும் கமரா

கேள்வி: கல்லடியில் வீடு, மட்டக்களப்பு நகரில் சிறிய கடை. இரண்டிலும் இணையக் கமரா பூட்ட வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?
- வாசகி, கல்லடி

பதில்: கல்லடிக்கு ஒருபக்கம் வாவி, மறுபக்கம் கடல். அதனால் மெகாபிக்சலைக் கேட்க முன்னர் கமராவின் உடலையும் வயர் மூட்டையும் பாருங்கள். ஐபி 67 என்றால் தூசியும் நீரும் உள்ளே புகாது. உப்பு அரிக்காது என்று அர்த்தமில்லை. கூரைத் தாழ்வாரத்தின் கீழ் பூட்டி, வயர் மூட்டுகளை நீர் புகாத பெட்டிக்குள் வையுங்கள். மாரி தொடங்க முன்னர் ஒருமுறை திறந்து பார்ப்பது அவசியம்.

வீட்டு வாசலுக்கு மெமரி காட் போட்ட வைஃபை கமரா ஒன்றே போதும். கடைக்கு வயர்தான் என் தெரிவு. பிஓஇ முறையில் ஒரே கேபிளில் மின்சாரமும் படமும் 100 மீற்றர் வரை போகும். பதிவு இடத்தைக் கணக்குப் பார்க்காமல் வாங்க வேண்டாம்: விநாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் நாள் முழுவதும் பதியும் ஒரு கமராவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 43 ஜிபி தேவை. கமரா நான்கானால் 1 டிபி ஹாட் டிஸ்க் ஆறு நாளுக்குள் நிறைந்துவிடும்.

2016இல் 'மிராய்' என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கமராக்களைத்தான் உலகெங்கும் கைப்பற்றியது. பூட்டிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். மென்பொருள் புதுப்பிப்புத் தராத கமராவை, எவ்வளவு மலிவானாலும், வாங்காதீர்கள். அயல்வீட்டு முற்றம் படத்தில் விழுகிறதா என்பதையும் பூட்டுபவர் போக முன்னரே பார்த்துத் திருப்பிவிடுங்கள்.