கடித்த நாயைக் கொன்றுவிடாதீர்கள்

இம்முறை எமது சட்டப் பாடத்திற்கு நாய்க்கடியை எடுத்துக்கொண்டிருக்கிறோம். காணி உறுதி, சம்பளப் பாக்கி, சேமலாப நிதி என்று எத்தனையோ பெரிய விடயங்கள் இருக்க, நாய்க்கடிக்கும் ஒரு பாடமா என்று சிலர் சிரிக்கக்கூடும். இடம்பெயர்ந்து புதிய இடத்தில் குடியேறியவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலைநாடெங்கும் மண் சரிந்தபோதும் பதுளை மாவட்டத்தில் பல குடும்பங்கள் உடுத்த துணியோடு வெளியேறின. இப்படி அவசரமாக வெளியேறும்போது நாயைக் கூட்டிப்போக யாருக்கு முடியும்? விட்டுவந்த நாய்கள் பசியில் கூட்டமாகத் திரியத் தொடங்கும். போய்ச் சேர்ந்த இடத்திலோ அயலவர் வீட்டு நாய்களுக்கு எம்மைத் தெரியாது. நாய்க்கு மட்டுமா? ஊராருக்கும் எம்மைத் தெரியாது. அதனால்தான் ஒரு கடி, சில வேளைகளில் ஊர்ச்சண்டையாக முடிகிறது.

சில வருடங்களுக்கு முன் பசறைப் பக்கத்துக் குடியேற்றம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். பீலியில் தண்ணீர் எடுக்கப் போன ஒரு தாயைப் பக்கத்து வளவு நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. மகன்மார் இருவரும் பொல்லுகளோடு ஓடி, நாயைத் தலையில் அடித்துக் கொன்று பள்ளத்தில் எறிந்தார்கள். காயத்தில் மிளகாய்த் தூளும் சுண்ணாம்பும் அப்பித் துணியால் கட்டினார்கள். மறுநாள் தோட்ட மருந்தகத்தில் காட்ட, அங்கிருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டாக்டர் கேட்ட முதற் கேள்வி: "நாய் எங்கே?" ஒருவரிடமும் பதில் இல்லை. ஊசி முழுவதும் போட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு நாட் சம்பளமும் பஸ் காசும் போயின. "என் நாயைக் கொன்றுவிட்டார்கள்" என்று முதல் நாள் சத்தமிட்ட சொந்தக்காரர், நட்டஈடு என்ற பேச்சு வந்ததும் "அது தெருநாய்" என்றார். நாய் செத்துப்போனதால் மறுத்துச் சொல்ல வழியில்லை. உண்மையைச் சொல்வதானால், அந்தப் பையன்கள் செய்ததை அன்று நாங்களும் சரியென்றே நினைத்தோம்.

கடித்த நாய் உயிரோடு இருந்தால் அதுவே சாட்சி. முதலில் டாக்டருக்குச் சாட்சி. விசர் கண்ட நாய் பொதுவாகச் சில நாட்களுக்குள் செத்துவிடும். கடித்து 14 நாட்கள் கழிந்தும் நாய் வழமைபோல் தின்று குடித்து நடமாடினால், கடித்த வேளையில் அதன் எச்சிலில் விசர்க் கிருமி இருக்கவில்லை என்று கொள்ளலாம். எனவே முடிந்தால் சொந்தக்காரரைக் கொண்டே கட்டிப்போடச் செய்யுங்கள். நீங்கள் கையால் பிடிக்கப் போகவேண்டாம். நாய் செத்துப்போனாலும் புதைக்கும் முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ மிருக வைத்தியருக்கோ அறிவியுங்கள். தலையை ஐஸில் வைத்துக் கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பி மூளையைச் சோதிக்கலாம். தலையை அடித்து நொறுக்கிவிட்டால் அந்தச் சோதனைக்கும் இடமில்லாமற் போய்விடும்.

ஆனால் 14 நாட்கள் பார்ப்போம் என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. கடிபட்ட உடனே காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். பீலி இருக்கிறதே, அதைவிட நல்ல இடம் வேறில்லை. மிளகாய், கோப்பித் தூள், மண்ணெண்ணெய், பச்சிலை ஒன்றும் வேண்டாம். அதன்பின் அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். ஆழமான கடிக்கும், முகத்திலும் கையிலும் பட்ட கடிக்கும் தடுப்பூசியோடு வேறொரு மருந்தும் காயத்தைச் சுற்றி ஏற்றுவார்கள். ஊசியை உடனே தொடங்குவதா, நாயைப் பார்த்திருப்பதா, இடையில் நிறுத்துவதா என்பதை டாக்டரே தீர்மானிக்கட்டும். பல்லுப்பட்ட கீறலையும், புண்ணில் நாய் நக்கியதையும்கூட மறைக்காமற் சொல்லுங்கள். நோயின் குணம் தோன்றிய பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். 1973ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். நாய்களுக்கு ஊசி போடத் தொடங்கியதாலும், கடிபட்டவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கியதாலும் அந்தத் தொகை இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது.

இனிச் சட்டம். கடிக்க வரும் நாயிடமிருந்து உங்களையோ பிள்ளையையோ காப்பாற்ற, அந்த நேரத்தில் அதை அடிப்பது குற்றமல்ல. பெரிய தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்யும் காரியத்தைச் சட்டம் மன்னிக்கிறது. நாய் கடித்துவிட்டு ஓடிப்போன பிறகு, தேடிப்போய் அடிப்பதும் சோற்றில் நஞ்சு வைப்பதும் வேறு கதை. அங்கே நீங்களே குற்றவாளி ஆகிவிடலாம். மிருகவதையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது.

நாயை ஏவிவிடுவது பற்றித் தோட்டப் பகுதிகளில் நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். விறகு பொறுக்கப் போனவர்கள், குறுக்குப் பாதையால் நடந்தவர்கள், மரக்கறித் தோட்டத்து வேலியோரம் நின்றவர்கள் மீது "ச்சூ" என்று நாயை விடுவார்கள். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இதைப் பெயர் சொல்லாமல் விட்டுவிடவில்லை. துன்புறுத்தவோ பயமுறுத்தவோ எண்ணி, ஒருவர் மேல் பாயும்படி நாயைத் தூண்டுவது குற்றவியற் பலாத்காரம் என்று அதிலேயே உதாரணம் காட்டப்பட்டுள்ளது. இன்னும் ஒரு படி மேலே போய், மற்றவர் பயப்படுவார் என்று தெரிந்துகொண்டே கொடிய நாயின் வாய்க்கட்டை அவிழ்க்கத் தொடங்கினாலே அது தாக்குதல் என்கிறது. நாய் கடிக்கவேண்டும் என்பதில்லை! நீங்கள் அடுத்தவர் வளவுக்குள் போனது பிழையாக இருக்கலாம். அதற்குப் பொலிஸ் இருக்கிறது. நாயை ஏவிவிட அது அனுமதிச் சீட்டு ஆகாது.

ஏவிவிடாமல், கவனமின்மையால் அவிழ்ந்து வந்து கடித்தாலும் சொந்தக்காரர் பொறுப்பிலிருந்து தப்பிவிட முடியாது. அந்த நாய் முன்பும் ஆட்களைக் கடித்தது அவருக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட முடிந்தால் உங்கள் பக்கம் பலம் கூடும். ஆகவே பொலிஸ் முறைப்பாட்டில் நாள், நேரம், இடம், நாயின் நிறம், அது யார் வளவில் வளர்கிறது, யார் கண்டார்கள், முன்பு யாரைக் கடித்தது என்பவற்றைச் சொல்லுங்கள். தமிழில் முறைப்பாடு செய்வது உங்கள் உரிமை. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியிருந்தால், விளங்கும்படி சொல்லக் கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். ஆஸ்பத்திரித் துண்டு, பஸ் ரிக்கற், வேலைக்குப் போகாத நாட்களின் கணக்கு எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் மத்தியஸ்த சபையிலேயே தீரும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இச்சபையில் சட்டத்தரணி தேவையில்லை. ஊசிச் செலவையும் இழந்த சம்பளத்தையும் கேளுங்கள். அயலவரோடு தொடர்ந்து வாழவேண்டியிருப்பதால் எமக்கும் இந்த வழியே பிடித்தமானது. இணக்கம் வராவிட்டால் சபை தரும் சான்றிதழோடு நீதிமன்றம் செல்லலாம். நட்டஈட்டு வழக்கை 2 வருடங்களுக்குள் தொடுக்கவேண்டும். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். கொழுந்து மலையில் வேலை செய்யும்போது கடிபட்டவர்கள், தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழும் கேட்கமுடியுமா என்று அங்கேயே விசாரியுங்கள்.

நாய் பாய்ந்து வந்தால் ஓடாதீர்கள். ஓடுவதைத் துரத்துவது அதன் சுபாவம். கண்ணுக்குள் பார்க்காமல், சற்றுப் பக்கவாட்டில் திரும்பி அசையாமல் நில்லுங்கள். கொழுந்துக் கூடையோ குடையோ வாளியோ கையில் இருப்பதை இடையில் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, கைகளால் கழுத்தையும் காதுகளையும் மூடுங்கள். தின்னும் நாயிடமும் குட்டி போட்ட நாயிடமும் போகவேண்டாமென்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

எங்கள் வீட்டு நாயும் கடிக்கும் என்பதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. புதிய குடியேற்றத்தில் எத்தனை பேர் பதிந்திருக்கிறோம்? பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி, ஒரு நாள் குறித்து எல்லா நாய்களுக்கும் ஊசி போடச் செய்யுங்கள். பிறகு வருடா வருடம் போடவேண்டும். ஊசி அட்டையைப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்து வையுங்கள். உங்கள் நாய் யாரையாவது கடித்துவிட்டால், அந்த அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கடிபட்டவரோடு நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.