ஒரு பழைய வண்டியின் முறைக்காய்ச்சல்

நீங்காது நிற்கும் நோயினும், ஒருநாள் வந்து மறுநாள் மறையும் முறைக்காய்ச்சலை அறிந்து தீர்த்தல் அரிது. மருத்துவன் நாடி பார்க்கும் வேளையில் உடம்பு குளிர்ந்திருக்கும். அவன் வாயில் கடந்தபின் மீண்டும் கொதிக்கும். பழைய மோட்டார் வண்டிகட்கும் இத்தகைய பிணி ஒன்றுண்டு. அதனை ஓர் எடுத்துக்காட்டால் ஆராய்வாம்.

அமெரிக்க நாட்டில் 1980-களின் இடைப்பகுதி முதல் 1995 வரை விற்கப்பெற்ற டொயோட்டா பிக்கப் வண்டிகள் பலவற்றில் ‘22 ஆர்-ஈ’ என்னும் நான்கு சிலிண்டர் எஞ்சின் அமைந்திருந்தது. அவ்வண்டிகளுட் பல இன்றும் ஓடுகின்றன. வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் மெல்ல ஓடுதலை ஐடிலிங் என்பர். சூடேறிய இவ்வெஞ்சினுக்கு அஃது நிமிடத்திற்கு ஏறத்தாழ 750 முதல் 850 சுற்றாகும். சிலபோது அவ்வோட்டம் 1,500, 2,000 என உயர்ந்து, பின் தானே தணியும்.

இந்நிலையில் பலரும் செய்வது யாதெனின், ஐடிலிங் திருகைத் திருகி ஓட்டத்தைக் குறைத்தலே. அது பிழை. காய்ச்சலில்லாத வேளையில் எஞ்சின் நின்றுவிடும். அதனினும் பெரிய தீங்கைப் பின்னர்க் கூறுவாம்.

வேண்டுமளவினும் மிகுதியாகக் காற்று உட்புகுதலே ஓட்டம் உயர்தற்குக் காரணம். அஃது எவ்வழிப் புகுந்ததென்று அறிய, ‘எப்பொழுது வந்தது?’ என்று முதற்கண் கேட்டல் வேண்டும்.

ஆக்ஸிலேட்டரை மிதித்து விட்டபின் ஓட்டம் தணியாதாயின், கேபிள் இறுகியிருத்தலோ, த்ராட்டில் தகட்டில் கரி படிந்திருத்தலோ கூடும். எஞ்சினருகே நின்று த்ராட்டிலைக் கையால் மூடும் பக்கம் தள்ள, ஓட்டம் குறையுமாயின் ஐயம் தீர்ந்தது. இஃது உயிர்க்கே தீங்காதலின், சீர்செய்யுமுன் வண்டியைச் சாலைக்குக் கொண்டுசெல்லல் ஆகாது.

ஸ்டியரிங்கைத் திருப்பியபின் உயர்ந்து நிற்குமாயின், பவர் ஸ்டியரிங் பம்பிலுள்ள காற்று வால்வை நோக்குக. பாரம் மிகும்போது சிறிது காற்று விடுதல் அதன் தொழில்; மூடாது நிற்றல் அதன் நோய். அதன் ரப்பர்க் குழாயை நெரித்து மூட, உண்மை விளங்கும். ஏனைய காற்றுக் குழாய்களில் வெடிப்புண்டோ எனவும் காண்க.

எஞ்சின் சூடேறியபின்னும் உயர்வதும் தணிவதுமாக இருப்பதே நுட்பமான வகை. த்ராட்டிலின் அடியில் மெழுகடைத்த வால்வு ஒன்றுண்டு. குளிர்ந்த வேளையில் அது திறந்து மிகுகாற்றை விடும். ரேடியேட்டர் நீர் சூடேறி அதனருகே ஓட, மெழுகு விரிந்து வழியை மூடும். நீர் குறைந்து, அவ்விடத்தே காற்றுக்குமிழ் தங்கின், எஞ்சின் கொதித்தாலும் மெழுகு சூடறியாது. வால்வு திறந்தே நிற்கும். குமிழ் நகர ஓட்டமும் மாறும். சிலபோது, த்ராட்டில் மூடியிருந்தும் சுற்று மிகுந்ததைக் கண்ட கணினி பெட்ரோலை நிறுத்தும். சுற்று விழ மீண்டும் விடும். ஆதலின் ஓட்டம் ஊசலாடும். எஞ்சின் சூடாகவும், த்ராட்டிலுக்குச் செல்லும் சிறு நீர்க்குழாய் குளிர்ந்தும் இருக்குமாயின், நோய் இதுவே. எஞ்சின் முற்றும் ஆறியபின்னரே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, நீர் நிரப்பி, காற்றை வெளியேற்றல் வேண்டும்.

இனி, நீர் எங்ஙனம் குறைந்தது? இவ்வெஞ்சினில் டைமிங் செயினுக்கு வழிகாட்டும் பிளாஸ்டிக் தகடு ஒடிதல் பலரும் அறிந்த குறை. ஒடிந்தால் செயின் மூடியில் உராய்ந்து, நீரோடும் வழிவரை அறுத்துவிடும். நீர் ஆயிலிற் கலந்து எஞ்சினையே அழிக்கும். ஆயில் மோர்போல் வெளுத்திருப்பின் வண்டியை உடனே நிறுத்துக. உயர்ந்த ஐடிலிங், இக்கேட்டை முன்னறிவிக்கும் காவலனாகவும் இருத்தல் கூடும். திருகைத் திருகியவன் அக்காவலன் வாயைப் பொத்தியவனே யாவான்.

ஆதலின், பிணி தோன்றுந்தோறும் வேளை, சூடு, செய்த செயல் ஆகியவற்றைக் குறித்துவைத்தலும், ஒருகால் ஒன்றையே மாற்றிப் பார்த்தலும் வேண்டும். பாடம் பிழைபட்ட சுவடியைத் தம் மனம்போல் திருத்தாது, பிழை புகுந்த வழியை ஆராய்வாரும் இந்நெறியினரே யன்றோ?