கணிப்பொறிப் பாடம்: தேதி தானாக விழட்டுமா?

கணக்கு அட்டவணையில் தேதிக் கட்டத்துக்கு 'டீஃபால்ட் வேல்யூ' கொடுத்தால் இன்றைய தேதி தானாக விழும். மைக்ரோசாப்ட் ஆக்சஸில் 'டேட்()' என்று கொடுப்போம். 'நவ்()' கொடுத்தால் மணியும் சேரும். பிறகு தேதியை மட்டும் கொடுத்துத் தேடினால் பில் அகப்படாது.

விற்பனைக்கு இது வசதி, கொள்முதலுக்கு ஆபத்து. 1ஆம் தேதி பில்லை நாம் 12ஆம் தேதி பதிந்தால் 12 என்றே விழும். தவணை 11 நாள் தள்ளிக் காட்டும். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், ஜி.எஸ்.டி.யில் எடுத்த உள்ளீட்டு வரி வரவை வட்டியுடன் திருப்பிக் கட்ட வேண்டும்.

ஆகவே இரண்டு கட்டம் வைப்போம். 'பதிவுத் தேதி' தானாக விழட்டும். 'பில் தேதி'க்கு டீஃபால்ட் வேண்டாம். 'ரிக்வயர்ட்' என்பதில் 'எஸ்' கொடுப்போம். தேதி அடிக்காமல் பில் பதிவாகாது.

இந்த மாற்றம் புதிய பதிவுகளுக்கே. பழையவற்றைப் பில்லோடு ஒப்பிட்டு நாமே திருத்த வேண்டும்.