கை தூக்காதவர்களின் விடை

ஆசிரியர் கேள்வி கேட்டதும் வகுப்பில் உயரும் கைகள் பெரும்பாலும் அதே நான்கைந்துதான். மற்றவர்களுக்கு விடை தெரியாது என்று சொல்லிவிட முடியாது. பலருக்குத் தயக்கம்.

1950களில் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் சில கோடுகளைக் காட்டி, எவை ஒரே நீளம் என்று கேட்டார். அறையில் இருந்த மற்றவர்கள் முன்பே பேசிவைத்தபடி தவறான விடையைச் சொன்னார்கள். சரியான விடை கண்ணுக்கு நேராகத் தெரிந்தும், சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் ஒரு முறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். விடையைத் தனியாக எழுதச் சொன்னபோது இந்தப் போக்கு வெகுவாகக் குறைந்தது.

இங்கேதான் உங்கள் கற்றல் சாதனம் கைகொடுக்கிறது. சிங்கப்பூர் மாணவர் கற்றல் தளம் 2018ல் பள்ளிகளுக்கு வந்தது. 2021ல் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சாதனம் என்ற திட்டம் நடப்புக்கு வந்தது. இப்போது நாற்பது பேரும் ஒரே நேரத்தில் விடை தரலாம். ஆனால் நண்பரின் விடையைத் திரையில் பார்த்துவிட்டு நீங்கள் தட்டினால், அது ஆஷின் அறைதான்!

ஹார்வர்ட் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991ல் தொடங்கிய முறை இதைத் தவிர்க்கிறது. முதலில் ஒவ்வொருவரும் தனியாக யோசித்து வாக்களிக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்லி வாதாட வேண்டும். அதன்பின் மறுபடியும் வாக்கு. கெட்டிக்கார மாணவர் சொன்னதை மற்றவர்கள் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதானே என்று கேட்கலாம். 2009ல் வெளிவந்த கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது: குழுவில் யாருக்குமே விடை தெரியாதபோதும் பேசிப் பார்த்து சரியான விடையை அடைந்தவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், சாதனத்தைவிட இடையில் நடக்கும் அந்தப் பேச்சுதான் முக்கியம்.

ஒரு கேள்வி. தேக்கா உணவங்காடியில் விளிம்புவரை நீர் நிரம்பிய குவளையில் பனிக்கட்டி மிதக்கிறது. அது உருகினால் நீர் வழியுமா? வழியாது. மிதக்கும் பனிக்கட்டி தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது. உருகியபின் சரியாக அந்த இடத்தையே நிரப்புகிறது.

குவளையில் நீருக்குப் பதிலாகச் சர்க்கரை கரைத்த, அடர்த்தி கூடிய எலுமிச்சைச் சாறு இருந்தால்? விடையைத் தனியாக எழுதி வைத்துவிட்டு, பிறகு நண்பரிடம் வாதாடுங்கள்.