பயனற்ற தீங்கு தவிர்த்தல்
(திரிகூட மலையடிவாரத்தில் ஒரு பாடம்)

இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட விரதங்கள் பன்னிரண்டு. அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிட்சாவிரதம் நான்கு என்பதை நாம் அறிவோம். குணவிரதங்களுள் ஒன்றான அனர்த்த தண்ட விரதமே இப்பாடத்தின் பொருள். அனர்த்தம் என்பது பயனின்மை. தண்டம் என்பது தீங்கு. வாழ்வதற்கு இன்றியமையாத செயல்களிலும் ஓரளவு இம்சை நேர்கிறது. அதை முற்றும் விலக்க இல்லறத்தாரால் இயலாது. ஆனால் எப்பயனும் இன்றி உயிர்களுக்கு இழைக்கும் தீங்கை விலக்குவது எவர்க்கும் இயலும்.

இத்தீங்கின் ஐந்து வகைகளுள் ஒன்று பிரமாத சரியை. காரணமின்றி மண்ணை அகழ்தல், நீரை இறைத்தல், தீயை மூட்டுதல், காற்றைக் கலக்குதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவை அதனுள் அடங்கும். மண்ணும் நீரும் தீயும் காற்றும் தாவரமும் ஓரறிவுயிர்களின் உடல்கள் என்பது நம் ஆகமக் கொள்கை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று உலகம் இன்று பேசுவது இவ்விரதத்திற்கு மிக அண்மையில் நிற்கிறது.

1990ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் இலண்டன் பக்கிங்காம் அரண்மனையில், டாக்டர் எல். எம். சிங்வி எழுதிய இயற்கை பற்றிய ஜைனப் பிரகடனம் இளவரசர் பிலிப்பிடம் அளிக்கப்பட்டது. நம் தருமத்தை உலகோர் சூழலியல் நோக்கில் கற்க அது வழி செய்தது. உலகுக்கு அறிவித்ததை நாம் இல்லத்தில் கடைப்பிடிக்கிறோமா என்பதே கேள்வி.

கடையநல்லூரும் அதன் நீரும்

தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது. அதன் மேற்கே தோன்றும் கருப்பாநதியும், குற்றால அருவிகளின் நீரைக் கொண்டுவரும் சிற்றாறும் ஒரே ஆற்றுத் தொகுதியைச் சேர்ந்தவை. சிற்றாறு இறுதியில் தாமிரபரணியில் கலக்கிறது. ஆகவே மலைமேல் நீருக்கு நேரும் தீங்கு அங்கேயே நின்றுவிடுவதில்லை. வயலுக்கும் குளத்துக்கும் குடத்துக்கும் வந்து சேர்கிறது.

குற்றாலத்தில் நீராடுவது உடல்நலம் தரும் என்பது நெடுங்கால நம்பிக்கை. நலம் நாடி வருவோரே எண்ணெயும் சோப்பும் ஷாம்புவும் பிளாஸ்டிக் உறைகளும் கொண்டு வந்து அந்நீரைக் கெடுத்தனர். 2014ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அருவிகளில் இவற்றைப் பயன்படுத்தத் தடை விதித்தது. தம் உடலின் தூய்மைக்காக நீரின் தூய்மையைக் கெடுப்பது எவ்வளவு பேதைமை என்பதை நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று.

இங்கு நமக்கும் ஒரு பாடம் உண்டு. நாம் நீரைத் துணியால் வடிகட்டிப் பருகுகிறோம். துணியில் தங்கிய நுண்ணுயிர்கள் மடியாதிருக்க, அத்துணியை அலசிய நீரை எடுத்த நீர்நிலையிலேயே சேர்ப்பது முறை. இவ்வளவு நுட்பமாக நீருயிரைப் பேணும் மரபினர், சாக்கடை வழியே சலவைத்தூள் கரைசலை ஏரிக்கு அனுப்பலாமா? குடத்தளவில் காத்த அகிம்சையைக் குளத்தளவில் கைவிடலாகாது.

மாறிவரும் மனப்பான்மை

மஞ்சப்பையுடன் நகரத்துக்கு வந்தவரைப் பட்டிக்காட்டான் என்று எள்ளிய காலம் ஒன்று இருந்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழக அரசு தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. இகழ்ச்சிக்குரியதாக இருந்த பை இன்று அரசே பரிந்துரைக்கும் பொருளாகிவிட்டது.

வேளாண்மையிலும் இம்மாற்றம் தெரிகிறது. கடையநல்லூருக்கு வடக்கே, எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற புளியங்குடியில் இயற்கை வேளாண்மை செய்து பிறர்க்கு வழிகாட்டிய உழவர்களுள் அந்தோணிசாமி குறிப்பிடத்தக்கவர். வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பகுதிகளில் நிலமுடைய நம் குடும்பங்கள் இதைக் கருத வேண்டும். உழவில் நேரும் இம்சை தொழில்வழி நேர்வது. சங்கல்ப இம்சையைப் போன்றதன்று. எனினும் தேவைக்கு மீறித் தெளிக்கும் நஞ்சு பயிருக்குத் தீங்கு செய்யாத கோடி உயிர்களையும் அழிக்கிறது. அது தொழிலின் எல்லையைக் கடந்து பயனற்ற தீங்காகிறது. கேரளத்தின் காசர்கோடு மக்கள் பட்ட துயருக்குப் பின், 2011ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் எண்டோசல்பானைத் தடை செய்ததை நாம் மறத்தலாகாது.

தாமிரபரணிக் கரையிலுள்ள திருப்புடைமருதூரில், ஊர்மக்களே பாதுகாத்து வந்த நீர்ப்பறவைகளின் உறைவிடம் 2005ஆம் ஆண்டு பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அவ்வூரார் நம் சமயத்தினர் அல்லர்; ஆயினும் அவர்கள் காட்டிய கருணை நாம் போற்றிப் பின்பற்றத்தக்கது.

உணவும் நலமும்

இதே மலையடிவாரத்தில், ஆழ்வார்குறிச்சிக்கு அருகேயுள்ள சிவசைலத்தில், இராமகிருஷ்ணன் அவர்கள் நல்வாழ்வு ஆசிரமத்தை நிறுவித் தேங்காயும் பழங்களும் முதன்மையான சமைக்காத உணவைப் பரப்பினார். முற்காலத்தில் பலர் நகைத்த இத்துறை இன்று கல்லூரிப் பாடமாகிவிட்டது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா இயற்கை மருத்துவக் கல்லூரி 2000ஆம் ஆண்டு முதல் நடைபெறுகிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964ஆம் ஆண்டிலேயே தோன்றியது.

இவற்றை நாடும் நம்மவர் மூன்று செய்திகளை நினைவிற்கொள்க.

முதலாவது, இயற்கை உணவெல்லாம் நமக்கு ஏற்ற உணவன்று. தேனையும் கிழங்குச் சாறுகளையும் இயற்கை மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு. தேனை நம் நெறி விலக்குகிறது. கிழங்குகளை விலக்கும் விரதிகளும் உளர். மாற்று உண்டா எனப் பணிவுடன் கேட்பதில் இழுக்கில்லை.

இரண்டாவது, இராவுணவு தவிர்த்தல் பற்றியது. உடலின் நாட்சுழற்சியை இயக்கும் நுட்பத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. உண்ணும் நேரத்துக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர். இது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் நாம் இராவுணவு தவிர்ப்பது உயிர்க்கொலை அஞ்சியே. நலம் அதன் துணைப்பயன். ஆய்வின் முடிவு நாளை மாறினும் விரதத்தின் காரணம் மாறாது.

மூன்றாவது, நோயுற்ற காலத்து விவேகம். நீரிழிவு நோயாளர் மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவதும் நெடிய உபவாசம் மேற்கொள்வதும் உயிருக்கே இடராகலாம். விரதம் சக்திக்கு ஏற்பக் கொள்ளத்தக்கது. தன்னுயிரும் உயிரே, அதற்கும் அகிம்சை உண்டு.

கல்லில் ஒரு காட்சி

இப்பகுதிக்குக் கிழக்கே கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களுடன் பாகுபலியின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கொடிகள் தம்மேல் படர்ந்தும் அவற்றை அகற்றாமல் தவத்தில் நின்றவர் அவர். நாம் அந்நிலையை எய்த இயலாது. ஆனால் வழியில் செல்லுகையில் வேலியோரச் செடியின் இலையை வீணே கிள்ளாதிருக்க இயலும். அதுவே அணுவிரதம்.

இல்லத்தில் இன்றே தொடங்கத்தக்கவை:

1. நீர்க்குழாயை வீணே திறந்து வைத்தலும், ஆளில்லாத அறையில் விளக்கும் விசிறியும் ஓட விடுதலும் ஒழித்தல்.
2. சந்தைக்கும் ஜினாலயத்துக்கும் துணிப்பை கொண்டு செல்லுதல்.
3. திருவிழா அன்னதானத்தில் வாழையிலை, மந்தார இலை, எவர்சில்வர்ப் பாத்திரம் இவற்றையே பயன்படுத்துதல்.
4. மிகுபொருள் விரும்பாமையைத் துணிமணி வாங்குவதிலும் கடைப்பிடித்தல்.

சிந்தனைக்குரிய வினாக்கள்:

1. பிரமாத சரியைக்கு நம் இல்லத்தில் நிகழும் ஐந்து எடுத்துக்காட்டுகள் கூறுக.
2. தொழில்வழி நேரும் இம்சைக்கும் பயனற்ற இம்சைக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. உடல்நலத்திற்காக விரதம் கொள்வதும், உயிரிரக்கத்தால் விரதம் கொள்வதும் ஒன்றாகுமா?

பெற்றோர் இவ்வினாக்களைப் பிள்ளைகளுடன் அமர்ந்து ஆராய்க. விடையைச் சொல்லால் மட்டுமன்றி ஒரு நாள் ஒழுக்கத்தாலும் காட்டுக. ஜினதருமம் நம் நீரிலும் நிலத்திலும் விளங்குக.